கருக்கலைப்புச் சட்டம் மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும்? ஒரு நர்சிங் மாணவியின் கேள்விக்குப் பதில்

நீங்கள் பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கருக்கலைப்புச் சட்டம் பற்றி மருத்துவ, செவிலிய மாணவர்களின் அறிவும் மனப்பான்மையும் என்ற தலைப்பை உங்கள் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது, மாணவர்களுக்கு இந்தச் சட்டம் உண்மையிலேயே தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: “எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இது பாவம் என்கிறார்கள். அப்படி நினைப்பவர்களுக்குச் சட்டம் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?” எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அறிவையும் மனப்பான்மையையும் இரண்டு தனித் தனிப் பட்டியலாக அளந்து கூட்டினால் ஏதாவது தெரியவருமா என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். கேள்வித்தாள் விஷயம் அதிலிருந்தே வரும்.

நான் மகப்பேறு மருத்துவர். அரசு மருத்துவமனையில் பல வருடங்கள் வேலை பார்த்தபடியே ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) ஓ.ஜி. என்கிற மகப்பேறு, மகளிர் மருத்துவப் பிரிவுக்குப் போஸ்டிங் வரும் நர்சிங் மாணவிகளுக்கும் வகுப்பு எடுத்திருக்கிறேன். வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைத் தினமும் பயன்படுத்துகிறவள் என்ற அளவில் எழுதுகிறேன். ஒரு குறிப்பிட்ட பெண்ணின் வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

வாரக் கணக்கில் மாணவர்கள் அவ்வளவு மோசமில்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள் என்பதால் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். பழைய புத்தகம் படித்தவர்கள் 12 வாரம், 20 வாரம் என்பார்கள். அது 1971-இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் கணக்கு. 2021 திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் அமலில் இருக்கிறது. இப்போது 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் விதிகளில் சொன்ன பிரிவினருக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், கடுமையான உடல் ஊனமோ மனநோயோ உள்ளவர்கள், சிசுவுக்குக் குறைபாடு இருப்பவர்கள், பேரிடர்ச் சூழலில் சிக்கியவர்கள். 24 வாரத்துக்கு மேல் என்றால் சிசுவுக்குப் பெரிய குறைபாடு இருக்க வேண்டும், அதை மருத்துவ வாரியம் உறுதிசெய்ய வேண்டும். வாரியம் மூன்று நாளுக்குள் கருத்துச் சொல்லி, கேட்ட ஐந்து நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும் என்று விதி. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்த வாரக் கணக்கும் கிடையாது, இரண்டாவது கருத்தும் தேவையில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களிடமே “சரி, இந்தச் சட்டம் யாருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது?” என்று கேட்டால் “பெண்ணுக்கு” என்பார்கள். அங்கேதான் அடிப்படை நழுவுகிறது. இந்தியாவில் கருக்கலைப்பு இன்றைக்கும் பொதுக் குற்றவியல் சட்டத்தில் குற்றம்தான். 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 312-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவாகியிருக்கிறது. தனக்குத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன் வரம்புக்குள் வருகிறாள். சாந்திலால் ஷா குழு 1966-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த 1971 சட்டம் அந்தக் குற்றத்தை நீக்கவில்லை. நிபந்தனைகளின்படி செய்த மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று ஒரு விலக்கு மட்டும் கொடுத்தது. வேண்டும் என்று கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. உயிருக்கு ஆபத்தா, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான பாதிப்பு வருமா என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வர வேண்டும். அப்படி வரும்போது அவளுடைய வீட்டு நிலைமை, இனி வரப்போகும் நிலைமை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கலாம். கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தின் மனவேதனையை, 20 வாரத்துக்குள் என்றால், மனநலப் பாதிப்பாகவே கொள்ளலாம். பலாத்காரத்தால் வந்த கர்ப்பம் என்று அவள் சொன்னால் அந்த வேதனையைப் பாதிப்பாகவே கொள்ள வேண்டும். அவள் சொல்வது போதும், எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கச் சட்டம் சொல்லவில்லை.

இதிலிருந்துதான் என் பதில் தொடங்குகிறது. முடிவை மருத்துவரின் கருத்தில் வைத்திருக்கிற சட்டம் இது. அதனால் மற்றச் சட்டங்களில் மாணவரின் மனப்பான்மை அவரவர் சொந்த விஷயமாக இருந்துவிட்டுப் போகலாம். இங்கே அது ஓ.பி. மேஜையில் சட்டமாகவே மாறிவிடுகிறது. ‘மனநலப் பாதிப்பு’ என்ற சொற்களைத் தாராளமாகப் படிக்கிற மருத்துவரிடம் போன பெண்ணுக்கு ஒரு சட்டம், முகம் சுளிக்கிறவரிடம் போன பெண்ணுக்கு வேறொரு சட்டம். நீங்கள் அளக்கப்போகும் அறிவும் மனப்பான்மையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மாணவர்களுக்குத் தெரியாத பகுதி எது என்று பார்த்தால் அதுவும் இதையே காட்டும். சட்டம் கேட்கிறவை அவர்களுக்கு ஓரளவு தெரியும். சட்டம் கேட்காதவை எவை என்பதுதான் தெரியாது. அந்த இடைவெளியை அவரவர் மனப்பான்மை நிரப்பிக்கொள்கிறது, ‘ரூல்ஸ்’ என்ற பெயரில்.

கணவர் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். 18 வயது நிரம்பிய, மனநலம் சரியாக உள்ள பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும். அதற்கான படிவம் சி-யில் கணவருக்கு இடமே இல்லை. ஆனால் மகாராஷ்டிரத்தில் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கணவர் அல்லது துணைவரின் சம்மதம் கட்டாயம் என்று ஏறத்தாழ நான்கில் ஒருவர் தவறாக நம்பினார்கள். அதே ஆய்வில் கருக்கலைப்பே தவறு என்றவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, திருமணமாகாதவருக்குச் செய்யக்கூடாது என்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. மருத்துவப் படிப்பை முடித்து வார்டில் நிற்கிறவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே என்று கேட்பீர்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் அறுவை சிகிச்சைக்கு முன் “கணவன் அல்லது மனைவி, மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி” ஆகியோரின் எழுத்துச் சம்மதம் என்று ஒரு குழப்பமான வாசகம் இருக்கிறது. குழந்தைப்பேறு நின்றுபோகும் சிகிச்சைக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்று அடுத்த வரி சொல்கிறது. கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனுக்கு வாங்கிய பழக்கம் இதற்கும் தாவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். கூடவே, நாளைக்குக் கணவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கும் பதில் இருக்கிறது. தன் சம்மதம் இல்லாமல் மனைவிக்குக் கருக்கலைப்பு செய்தார்கள் என்று ஒரு கணவர் நஷ்டஈடு கேட்டுப்போன வழக்கைப் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்க மறுத்தது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவருடைய மேல்முறையீட்டை நிராகரித்தது. இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட ஹவுஸ் சர்ஜன்கள் மிகக் குறைவு.

இந்தத் தெரியாமை ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எங்கள் ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிற நிலைமை இது. இரண்டாவது குழந்தை சிசேரியன், கைக்குழந்தைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. அதனால் நாள் தள்ளிப்போனது என்று தனியாகத் தெரியவே வழி இல்லை. வாந்தி வந்து, மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கிப் பார்த்து, ஓ.பி.க்கு வருகிறாள். ஸ்கேனில் எட்டு வாரம். மேஜையில் இருக்கிற இளம் மருத்துவர் சொல்கிறார்: “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. இதோட சேர்த்து கு.க. பண்ணிக்கிறேன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம் பார்க்கலாம்.” வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார், மாமியார் கு.க.வுக்குச் சம்மதிக்கமாட்டார். அவள் எழுந்து போகிறாள். பிறகு இரண்டில் ஒன்று. கர்ப்பம் பதினான்கு வாரமான பிறகு திரும்பி வருவாள். அப்போது மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை பெரிதாகிவிட்டிருக்கும். இல்லாவிட்டால் யாரோ வாங்கிக்கொடுத்த மாத்திரையை அளவு தெரியாமல் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கோடு, ஹீமோகுளோபின் ஆறில், ராத்திரி லேபர் வார்டுக்கு வருவாள். அந்த இளம் மருத்துவர் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் சட்டத்தில் இல்லாதவை. அவர் கெட்டவரும் இல்லை. சீனியர்கள் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார், அதுதான் சட்டம் என்று மனதார நம்புகிறார்.

திருமணமாகாதவர்கள் விஷயத்தில் இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. கருத்தடை தோல்வி பற்றிய பகுதியில் முன்பு ‘திருமணமான பெண் அல்லது அவள் கணவர்’ என்று இருந்ததை 2021 திருத்தம் ‘எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய துணைவர்’ என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, 20 முதல் 24 வாரத்துக்கான பிரிவுகளிலும் திருமணமாகாதவர்களை விலக்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. கணவரே செய்யும் பலாத்காரமும், கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும், பலாத்காரமாகவே கொள்ளப்படும் என்றது. குடும்பத்தாரின் சம்மதம், தேவையில்லாத ஆவணங்கள் என்று மருத்துவர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடுவதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. இவ்வளவு தெளிவாக இருந்தும் “கல்யாணம் ஆச்சா?” என்று வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி கேட்கிற வழக்கம் நின்றபாடில்லை. 2021-இல் சேர்த்த 5ஏ பிரிவின்படி அவள் பெயரையும் விவரங்களையும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டவர் தவிர வேறு யாரிடமும் வெளியிடுவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கருக்கலைப்புப் பதிவேடும் ரகசிய ஆவணம்தான். மருத்துவர்களைவிட உங்களுக்கு, அதாவது செவிலியர்களுக்கு, இந்தப் பிரிவு அதிகமாகத் தேவைப்படும். கேஸ் ஷீட் உங்கள் கையில்தான் இருக்கிறது.

மைனர் பெண்கள் விஷயம்தான் நிஜமான சிக்கல். இங்கே மாணவர்கள் தடுமாறுவதை நான் குறை சொல்லமாட்டேன், அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காப்பாளர் என்பதற்கு அவளைப் பராமரிப்பவர் என்பதே சட்டத்தின் விளக்கம், அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொரு பக்கம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம். அதன்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவரோடு நடந்த எந்த உடலுறவும் குற்றம், தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பதினேழு வயதுப் பெண், காதலனோடு சம்மதித்து உறவு, அம்மாவோடு வருகிறாள் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு மருத்துவமனையின் போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் போகும். அது தெரிந்தே பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி காட்டியது: போலீசுக்குத் தகவல் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. இவ்வளவும் உறுதி. பெயரில்லாத தகவலைக் காவல் நிலையம் எப்படி எடுத்துக்கொள்ளும், கலைந்த திசுவை டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கேட்டால் அடையாளம் எப்படி மறையும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதில் ஒரே சரியான விடை இருக்கிறது என்ற பாவனையில் உங்கள் கேள்வித்தாளில் ஆம்-இல்லை கேள்வி வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டு மாணவர்களிடம் நான் தொடர்ந்து பார்க்கிற இன்னொரு குழப்பம், இரண்டு சட்டங்களை ஒன்றாக்கிக்கொள்வது. ஸ்கேன் சென்டர் வாசலில் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பலகை நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம். உசிலம்பட்டி, சேலம் பெண் சிசுக்கொலைகளின் வரலாறும், 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் நம் மாநிலத்தில் மறக்கக்கூடியவை அல்ல. 1994-இன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் அந்த வலியிலிருந்து வந்தது, அது வேண்டும்தான். ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது பாலினத்தைக் கண்டறிவதையும் தேர்ந்தெடுப்பதையும். கருக்கலைப்பை ஒழுங்குபடுத்துவது வேறு சட்டம். மாணவர்கள் இரண்டையும் கலந்து “கருக்கலைப்பே சட்டவிரோதம்” என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையால் முடிகிற கருக்கலைப்பில் ஸ்கேன் வழியாகப் பாலினம் பார்ப்பதற்கே வழியில்லை, அந்த வயதில் ஸ்கேனில் அது தெரியாது. இருந்தும் கருக்கலைப்புக்கான மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையை வைத்திருந்தால் பிரச்சினை வரும் என்று தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக் கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. அது மருத்துவர் சீட்டோடு விற்க வேண்டிய மருந்து, தடைசெய்யப்பட்ட மருந்து அல்ல. உங்கள் ஆய்வில் பார்மசி மாணவர்களையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள், இந்தக் கேள்வி அவர்களிடம்தான் கேட்கப்பட வேண்டியது.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பலர் இந்த விஷயத்தை முதலில் எங்கே சந்திக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓ.ஜி. வகுப்புக்கு முன்பே, தடயவியல் மருத்துவப் பாடத்தில். அங்கே அது ‘குற்றவியல் கருக்கலைப்பு’. எருக்கம்பால், சேராங்கொட்டைச் சாறு தோய்த்த குச்சி, அரளி வேர், சித்திரமூலம் என்று ஒரு பட்டியல், பிறகு பிணப்பரிசோதனையில் என்னென்ன தெரியும் என்று ஒரு பட்டியல். பாடம் தவறானதல்ல, அப்படி நம் ஊரில் பெண்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் கருக்கலைப்பு என்றதும் முதலில் குற்றமும் பிணவறையும் மனதில் பதிந்துபோகின்றன. இரண்டு வருடம் கழித்து ஓ.ஜி.யில் அதே விஷயம் சிகிச்சையாக வரும்போது முதல் பதிவு அழிவதில்லை. 2019-இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில், கருக்கலைப்புக்கு வரும் பெண்ணிடம் சம்மதம் பெறுவதைப் பாவனைச் சூழலில் செய்துபழக வேண்டும் என்று இருக்கிறது. அதை உண்மையாகச் செய்கிற கல்லூரியில் படித்த பிள்ளைகளிடம் நல்ல வித்தியாசம் தெரிகிறது என்பது என் அனுபவம். அனுபவம் என்றுதான் சொல்கிறேன், அளந்து பார்த்ததில்லை.

இப்போது பாவம் என்று சொல்லும் உங்கள் வகுப்பினரைப் பற்றி. அவர்களை நான் அறியாதவர்கள் என்று ஒதுக்கமாட்டேன். ஆழ்ந்த மத நம்பிக்கையோடு வேலை பார்க்கிற அருமையான செவிலியர்களோடும் மருத்துவர்களோடும் பழகியிருக்கிறேன். கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சி விலக்கு என்று தனிப் பிரிவு இல்லை. மறுக்கும் மருத்துவரைத் தண்டிக்கும் பிரிவும் இல்லை. ஆனால் முன்பு சொன்ன அதே 2002 நடத்தை விதிகளில் 7.15 என்று ஒன்று இருக்கிறது: மருத்துவக் காரணம் இருக்கும்போது, மத அடிப்படையில் மட்டும் கருக்கலைப்புக்கு உதவ மறுக்கக் கூடாது, தனக்கு அந்தத் திறன் இல்லை என்று கருதினால் தவிர. 2023-இல் வெளியிட்ட புதிய விதிகள் உடனே நிறுத்திவைக்கப்பட்டதால் இந்தப் பழைய விதிகள்தான் நடைமுறையில் தொடர்ந்தன. வைவாவில் யாரும் கேட்காத விதி இது. என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒருவர் தன் கையால் செய்ய மனம் வராமல் “எனக்குப் பதிலாக இன்னொருவர் பார்ப்பார், இதோ அந்த அறைக்குப் போங்கள்” என்று உடனே அனுப்பிவைத்தால் அதை நான் மதிப்பேன். தன் நம்பிக்கையைச் சட்டம் என்று நோயாளியிடம் பொய் சொல்வதையும், ரத்தப்போக்கோடு வந்தவளை “பண்ணின பாவத்துக்கு அனுபவி” என்று காக்கவைப்பதையும் எந்த நம்பிக்கையின் பெயராலும் ஏற்கமாட்டேன். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: பாவம் என்று நினைப்பவருக்கும் சட்டம் தெரிந்தாக வேண்டும். மனம் மாறாவிட்டாலும், எது தன் நம்பிக்கை, எது சட்டம் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். அந்தப் பெண்ணுக்கு அது போதும்.

இதே சட்டம் எதிர்த்திசையிலும் காக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 2009-இல் சண்டிகரில், அரசு காப்பகத்தில் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமான, அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிர்வாகம் கருவைக் கலைக்க வேண்டும் என்றது, அவள் குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. பெற்றுக்கொள்வதும் பெற்றுக்கொள்ளாததும் அவளுடைய தனிமனிதச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்றது நீதிமன்றம். வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லும்போது எதிர்ப்போடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

படித்தால் மனப்பான்மை மாறுமா என்பது சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. தங்கள் மதிப்பீடுகளைத் தாங்களே பரிசீலிக்க வைக்கும் பட்டறைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. முடிந்த கையோடு அளந்தால் முன்னேற்றம் தெரிகிறது. அதே ஆட்கள் இரண்டு வருடம் கழித்து நள்ளிரவு டியூட்டியில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அந்த அளவீடு சொல்லாது. ஒரு நர்சிங் மாணவியை மாற்றுவது பெரும்பாலும் அவள் பார்த்த முதல் சிஸ்டர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கிற சிஸ்டரிடம் போஸ்டிங் போனவள் அதையே கற்றுக்கொள்கிறாள்.

சரி, கேள்வித்தாளுக்கு வருகிறேன். “கருக்கலைப்பை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டு ஐந்து புள்ளி அளவுகோலில் டிக் வாங்குவதால் ஒன்றும் தெரியாது. சூழ்நிலைகளைக் கொடுங்கள். நான் மேலே சொன்ன எட்டு மாதக் கைக்குழந்தைத் தாயையே எழுதி, இவளிடம் எந்தெந்தக் கையெழுத்து வாங்குவீர்கள் என்று கேளுங்கள். அதற்கு நேர் கீழே, வாங்கச் சொல்வது சட்டமா, மருத்துவமனை வழக்கமா, உங்கள் சொந்தக் கருத்தா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் உங்கள் ஆய்வின் உயிர். அதே கதையை, திருமணமாகாத 22 வயது மாணவி என்று மாற்றி இன்னொரு முறை வையுங்கள். பதில் மாறுகிறது என்றால் அங்கே அறிவுக் குறையைவிட மனப்பான்மைதான் வேலை செய்கிறது என்று பிரித்தறியலாம். ஒவ்வொரு அறிவுக் கேள்விக்கும் ‘தெரியாது’ என்ற தெரிவு இருக்கட்டும். தெரியாது என்பவரைவிடத் தவறானதை உறுதியாக நம்புகிறவரால்தான் நோயாளிக்கு ஆபத்து அதிகம், இருவரையும் ஒரே மதிப்பெண்ணில் போடாதீர்கள். ‘போதுமான அறிவு, மிதமான அறிவு, போதாத அறிவு’ என்று மூன்றாகப் பிரித்துச் சதவீதம் போடும் வழக்கத்தை முடிந்தால் விடுங்கள். வழிகாட்டி ஆசிரியர் விடமாட்டார் என்றால், ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்தப் பதில் சொன்னார்கள் என்ற அட்டவணையையாவது பக்கத்தில் வையுங்கள்.

பெயர், பதிவு எண், மதம் மூன்றையும் ஒரே தாளில் கேட்காதீர்கள். பெயரும் எண்ணும் தேவையே இல்லை. வகுப்பாசிரியர் நின்று தாள் வாங்கினால் எல்லோரும் ‘நல்ல பிள்ளை’ பதில்தான் எழுதுவார்கள். ஒரு பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். யாருக்கும் சொந்த வாழ்க்கையில் நடந்ததா என்ற கேள்வி எந்த வடிவத்திலும் வேண்டாம். பதில் எழுதுகிறவர்களில் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும் என்று நினைத்தே ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி வரும் முன் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது. ஒரு கல்லூரியில் எடுத்த கணக்கை வைத்து ‘தமிழ்நாட்டு மாணவர்கள்’ என்று முடிவுரையில் எழுதிவிடாதீர்கள், ‘எங்கள் கல்லூரியில் கேட்ட மாணவர்கள்’ என்பதோடு நிறுத்துங்கள்.

தாள்களைச் சேகரித்து முடித்த அதே வாரத்தில், கலந்துகொண்டவர்களுக்குச் சரியான விடைகளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்குங்கள், கையில் படிவம் சி-யின் நகல் ஒன்றைக் கொடுத்து. மைனர் பற்றிய பகுதிக்கு மட்டும் போக்சோ வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைக் கூப்பிட்டால் நல்லது. கேள்வித்தாளின் முதல் வரைவு தயாரானதும் இங்கேயே கீழே பதியுங்கள். மருத்துவப் பகுதியையும் சூழ்நிலைக் கேள்விகளையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.